குளத்து மீனுக்குத் தீனி போடுவது யார்?

குளத்து மீன் வளர்ப்பில் பங்கு சேருமாறு அழைப்பு வந்தால், ஜிந்துப்பிட்டியிலோ கொட்டாஞ்சேனையிலோ கடை நடத்தும் எம்மவர் முதலில் கேட்பது கிலோ என்ன விலைக்குப் போகும் என்பதைத்தான். அதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்றுண்டு. அந்த மீன் எதைத் தின்று வளரப் போகிறது?

தீவனம் போட்டு வளர்க்கும் பண்ணைகளில் மொத்தச் செலவில் பாதிக்கு மேல் தீவனத்துக்கே போய்விடுவது வழமை. 2022இல் டொலர் தட்டுப்பாடு வந்தபோது கோழித் தீவனத்தின் விலை ஏறிய விதத்தை வியாபாரிகளுக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

உலர் வலயத்தின் பருவகாலக் குளங்களின் கணக்கு வேறு. கோடையில் வற்றிய குளத்தடியில் மாடுகள் மேய்ந்து சாணமிடுகின்றன. மாரி மழையில் குளம் நிரம்பியதும் அதுவே உரமாகிறது. வெயில் பட்டதும் நீரில் நுண்ணிய பாசி பெருகும். அதைத் தின்று கண்ணுக்கு எளிதில் தெரியாத சிற்றுயிர்கள் பெருகும். இவ்விரண்டையும் சேர்த்துப் பிளாந்தன் என்பர். புரதம் நிறைந்த இந்த உணவுக்கு ஒரு சதமும் செலவில்லை. தவிடு போட்டால் மீனுக்குச் சக்தி கிடைக்கும், ஆனால் உடல் வளர்வதற்கான புரதம் பெரும்பாலும் பிளாந்தனிலிருந்தே வர வேண்டும்.

எல்லா மீனும் ஒரே உணவைத் தின்பதில்லை. கட்லா மேல்நீரிலுள்ள சிற்றுயிர்களைத் தின்னும். ரோகு நடுநீரில் பாசியையும் தாவரப் பொருட்களையும் தேடும். மிரிகால் அடியில் மக்கியவற்றைத் தின்னும். புல் கெண்டைக்கு நீர்த்தாவரம். ஆகவே இவற்றைக் கலந்து விட்டால் ஒன்றின் பங்கில் மற்றது அதிகம் கை வைக்காது. ஒரே இனத்தை நிறைத்து விடுபவர், ஒரே தெருவில் பத்துப் புடவைக் கடை திறப்பவரைப் போன்றவர்!

இந்தக் கெண்டை இனங்கள் தேங்கிய குளத்தில் இனம் பெருக்குவதில்லை. ஒவ்வொரு பருவமும் குஞ்சு வாங்க வேண்டும். முக்கிய முதலீடு அதுதான். 1952இல் இங்கு கொண்டுவரப்பட்ட திலாப்பியா இதற்கு நேர்மாறு. சிறிய குளத்தில் அது அளவின்றிப் பெருகி, உணவு போதாமல் குறுகிப் போகும். எடை குறைந்த மீனுக்குச் சந்தையில் என்ன மதிப்பு என்பது பேலியகொடைக்குப் போய் வருபவர்களுக்குத் தெரியும்.

குளத்தில் உணவு இருக்கிறதா என்று பார்க்கக் கையே போதும். முழங்கை வரை நீரில் விடுங்கள். உள்ளங்கை பச்சை நீரில் மறைந்தால் நல்லது. தெளிவாகத் தெரிந்தால் உணவு குறைவு. மணிக்கட்டளவிலேயே மறைந்தால் பாசி மிகை. விடியற்காலையில் ஒட்சிசன் குறைந்து மீன்கள் செத்து மிதக்கலாம். சேற்றுக் கலங்கலைப் பாசி என்று எண்ணிவிடக் கூடாது.

1990இல் நன்னீர் மீன்பிடிக்கான அரச உதவி நிறுத்தப்பட்டு, 1994இல் மீண்டும் தொடங்கியது. 1999இல் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபை உருவானது. தம்புள்ளை, உடவளவை, இங்கினியாகலை ஆகிய இடங்களில் அதன் நிலையங்கள் உள்ளன.

பணம் கொடுக்குமுன் குளத்தில் எத்தனை மாதம் நீர் நிற்கும், கமக்கார அமைப்பின் சம்மதம் உண்டா, குஞ்சுகள் எந்த அளவில் விடப்படும் என்பவற்றைக் கேட்டறியுங்கள். மிகச் சிறிய குஞ்சுகளை விட்டால் அவற்றில் பெரும்பங்கு விராலுக்கே இரையாகும்.