காலையில் கேட்கும் செயின் சத்தம்

டிசம்பர், ஜனவரிக் குளிரில் சுபஹ் தொழுதுவிட்டு வந்து வாகனத்தை ஸ்டார்ட் செய்கிறீர்கள். முதல் இரண்டு மூன்று விநாடிகள் முன்பக்கத்தில் 'கரகர' என்று ஒரு சத்தம் கேட்டு அடங்கி விடுகிறது. குளிருக்கு அப்படித்தான் என்று பலரும் விட்டு விடுகிறோம்.

நானும் விட்டவன்தான். என்னுடையது ஒரு பழைய டொயோட்டா புரோபொக்ஸ். பத்தாம் திகதி, தோட்டத்தில் சம்பள நாள். சாமான் ஏற்றிக்கொண்டு பசறையைத் தாண்டி லுணுகலைப் பக்கம் ஏறும்போது என்ஜின் நின்றது. செயின் பல் தாண்டி வால்வுகள் பிஸ்டனில் அடித்துவிட்டன. ஒரு மாத வியாபாரத்தின் நல்ல நாளும் போயிற்று, என்ஜின் ஹெட்டும் போயிற்று.

டொல்பின் வேன் வைத்திருப்பவர்களுக்கு டைமிங் பெல்ட் தெரியும். ஒரு இலட்சம் கிலோமீற்றரில் மாற்றி விடுவார்கள். புரோபொக்ஸ், விட்ஸ், கொரொல்லா 121, ஆல்டோ கே10 போன்றவற்றில் இருப்பது செயின். (ஆல்டோ 800இல் பெல்ட்தான்.) செயின் வண்டிக்கு ஆயுள் முழுக்கக் கவலையில்லை என்பார்கள். நேரத்துக்கு ஒயில் மாற்றினால்தான் அந்தப் பேச்சு சரி.

செயின் தளராமல் இழுத்துப் பிடிப்பது டென்ஷனர். அதற்குள் ஒரு சிறிய தண்டும் ஸ்பிரிங்கும் உண்டு. என்ஜின் ஒயிலின் அழுத்தம்தான் அந்தத் தண்டைத் தள்ளி, செயின் உரசிச் செல்லும் கட்டையை அழுத்துகிறது. ஒயில் குறைந்தாலோ, கறுத்துக் கசடானாலோ டென்ஷனர் தேயும், கட்டையும் தேயும், செயினின் பின்களும் தேய்ந்து செயின் நீளும். இரவில் ஒயில் கீழே வடிந்து விடுவதால் காலையில்தான் சத்தம் முதலில் தெரியும்.

உடனே என்ஜினைப் பிரிக்க வேண்டாம். முதலில் ஒயில் மட்டத்தைப் பாருங்கள். கம்பெனி சொன்ன ஒயிலையும் நல்ல பில்டரையும் போடுங்கள். மட்டமான பில்டர் ஒயிலைத் தேக்கி வைக்காது, அதனாலும் சத்தம் வரும். இத்துடன் நின்றுவிட்டால் அல்ஹம்துலில்லாஹ். நிற்காவிட்டால் பாஸிடம் சொல்லி ஃபேன் பெல்ட்டைக் கழற்றி ஒரு நிமிடத்துக்குள் ஸ்டார்ட் செய்து பார்க்கச் சொல்லுங்கள். சத்தம் மறைந்தால் குறை டைனமோவிலோ தண்ணீர்ப் பம்பிலோ இருக்கலாம். அப்போதும் டைமிங் கவர் பக்கமிருந்தே கேட்டால், அதிலும் என்ஜின் சூடான பிறகும் கேட்டால், செயின் பக்கம்தான். ஸ்கேனரில் பி0016 என்று வந்தால் ஒயில் கொன்ட்ரோல் வால்வையும் சென்சர்களையும் பார்த்த பின், செயின் நீண்டுள்ளதா என்று கவனிக்க வேண்டும்.

டென்ஷனரை மட்டும் மாற்றினால் போதுமென்று பஞ்சிகாவத்தையில் ஒன்றை வாங்கி வருவது வீண் செலவாகலாம். நீண்ட செயினுக்குப் புது டென்ஷனர் கொஞ்ச நாள்தான் தாங்கும். கவரைக் கழற்றும் கூலிதான் பெரிது. கழற்றிய கையோடு செயின், இரண்டு கட்டைகள், டென்ஷனர், கிராங்க் சீல் எல்லாவற்றையும் மாற்றி விடுங்கள். பல்சக்கரங்களின் பல் கூர்மையாகத் தேய்ந்திருந்தால் அவற்றையும்தான். அடையாளங்களைப் பொருத்திய பின் கிராங்கைச் சாவியால் இரண்டு சுற்று கையால் சுற்றிப் பார்க்காமல் ஸ்டார்ட் செய்யும் பாஸை நம்பாதீர்கள்.

இனி வியாபாரம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது, அதுவும் பெரும் வரியோடு. இடையில் பழைய வாகனங்கள் பொன் விலைக்குக் கைமாறின. என் புரோபொக்ஸும் அப்படி வந்ததுதான். ஒரு மாலையில் பார்த்தேன், என்ஜின் சூடாக இருந்தது. உள்ளே கனத்த ஒயில் ஊற்றியிருந்ததைப் பிறகுதான் அறிந்தேன். அது சூட்டில் சத்தத்தை அமுக்கி விடும், காலைக் குளிரில் மேலே ஏறத் தாமதிக்கும். நனைந்த தானியத்தைக் குவியலுக்குள் மறைத்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்ததை நாம் பயானில் கேட்கிறோம். வாகனத்தை விற்கும்போது மட்டும் அது நினைவுக்கு வருவதில்லை.

பழுது பார்த்து ஒரு வருடம் ஓடிய பின் அந்த வண்டியை விற்றேன். வாங்க வந்தவரைக் காலை ஆறரைக்கு வரச் சொன்னேன். அவர் பொனட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் சாவியைத் திருப்பினார்.