கிணறு தோண்டினார், கரி வந்தது!

திருவதிகைக்குத் தெற்கே சுமார் 25 கிலோமீட்டர் போனால் நெய்வேலி. முந்திரி விளைந்த செம்மண் பூமி. 1935-ல் அங்கே ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டினார். தண்ணீரோடு ஏதோ கறுப்பாக வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி!

அடியில் ஆபத்து

கரிக்கு மேலே மண். அதை வெட்டி அள்ளிவிடலாம். அடியில்தான் ஆபத்து! அங்கே ஊற்றுநீர் பெரும் அழுத்தத்தோடு அடைபட்டுக் கிடக்கிறது. மேல்மண்ணை எடுத்தால் பாரம் குறையும். நீர் கரியைப் பிளந்து பீறிடும். சுரங்கம் குளமாகிவிடும்!

ஆகவே ஆழ்குழாய்க் கிணறுகள் போட்டு இரவு பகலாக நீரை இறைத்தார்கள். 1957 மே 20-ல் நேரு தொடங்கி வைத்த வேலை இது. 1961 ஆகஸ்டில்தான் கரி கண்ணில் பட்டது. மறு ஆண்டே மின்சாரமும் வந்தது.

உழவர் குறை

இறைப்பு இன்றும் நடக்கிறது. தங்கள் கிணற்று நீர் கீழே போகிறது என்கிறார்கள் சுற்றுப்புற விவசாயிகள். நிலமும் போகிறது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற வயலில் மண்வெட்டும் இயந்திரம் இறங்கியது. பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டுவதற்காக! நிலம் முன்பே எடுத்ததுதான் என்றது நிறுவனம். இருக்கட்டும், அறுவடை வரை பொறுத்திருக்கலாமே? பயிர் இழந்தவர்களுக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.