தோட்டாப் பெட்டியில் ஏலக்காய்

ஜூன் பிறந்துவிட்டால் வண்டிப்பெரியாரில் பொரித்த அப்பளம் பரிமாறுவதற்குள் நமுத்துவிடும். தீக்குச்சி உரசினால் மருந்து மட்டும் உதிரும். பீரோவில் மடித்து வைத்த பட்டுப்புடவையில் பூசணம் பூக்கும். ஸ்டோர் என்னும் உலர்கூடத்தில் பதமாகக் காயவைத்து எடுத்த ஏலக்காயும், சாக்கைச் சரியாகக் கட்டாமல் விட்டால், பச்சை மங்கிவிடும். பெரியாற்றங்கரையில், ஏறக்குறைய 800 மீட்டர் உயரத்தில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஊர் இது. ஓதத்தோடு மல்லுக்கட்டுவது இங்கே மழைக்கால வீட்டுவேலைகளில் ஒன்று. அந்த வேலைக்கு வெகுவாக உதவக்கூடிய ஒரு பொருள், வீட்டுக்கென்று செய்யப்படாதது: ராணுவம் தோட்டாக்களை அடைத்து அனுப்பும் இரும்புப் பெட்டி.

தோட்டா தீர்ந்ததும் பெட்டிக்கு ராணுவத்தில் வேலை முடிந்துவிடுகிறது. அமெரிக்க ராணுவத்தின் எம்2ஏ1 என்ற பெட்டி உலகெங்கும் இப்படிப் பரவலாகக் கைமாறுகிறது. அரை அங்குலக் குழல் கொண்ட இயந்திரத் துப்பாக்கியின் தோட்டாக்கள் நூறு, சரமாகக் கோத்தபடி அதில் அடங்கும். நீளம் ஓரடிக்குச் சற்றுக் குறைவு, அகலம் அரையடி, உள்ளே சுமார் 7 லிட்டர் இடம். வெறும் பெட்டியே இரண்டரை கிலோவை நெருங்கும். நம் நாட்டிலும் ராணுவம் கழித்த சாமான்கள் ஏலம் போய்ப் பழைய இரும்புக் கடைகளுக்கு வந்து சேர்கின்றன. வாங்குபவர்கள் தகட்டைத் தட்டிப் பார்த்து விலை பேசுவார்கள். பார்க்க வேண்டியது தகட்டை அல்ல, மூடியின் உட்புறம் சுற்றி ஓடும் ரப்பர் வளையத்தை. கொண்டியை அழுத்தும்போது மூடி அந்த ரப்பரை நசுக்கி, பெட்டியின் விளிம்போடு இறுக்கிவிடுகிறது. காற்றும் ஈரமும் நுழைய இடைவெளி இல்லை. ரப்பர் வெடித்துப் போயிருந்தால் அது வெறும் டிரங்குப் பெட்டி.

ராணுவத்துக்கு ஏன் இவ்வளவு கவனம்? விடையில் ஒரு பங்கு நம் மழையிடம் இருக்கிறது. 1757 ஜூன் 23 அன்று பிளாசியில் போர் நடந்துகொண்டிருந்தபோது நண்பகலில் மழை கொட்டியது. கிழக்கிந்தியக் கம்பெனிப் படை தன் வெடிமருந்தைத் தார்ப்பாயால் மூடிக் காத்துக்கொண்டது. வங்காள நவாபின் படையுடைய மருந்து நனைந்துபோனது. அன்றைய முடிவுக்கு வேறு காரணங்களும் உண்டு, துரோகம் உட்பட. ஆனாலும் அந்தத் தார்ப்பாய்க்கு அதில் பங்கில்லை என்று சொல்ல முடியாது.

பின்னாளில் பித்தளை உறை போட்ட தோட்டாக்கள் வந்தன. மருந்து நனையும் கவலை குறைந்தது, வேறொரு புதிர் முளைத்தது. பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் கிடங்குகளில், யாரும் தொடாமல் வைத்திருந்த தோட்டாக்களின் உறைகள் மழைக்காலத்தில் தாமாகவே விரிசல் விட்டன. உறையின் கழுத்து குண்டை இறுக்கிப் பிடிக்கும் இடத்தில்தான் பெரும்பாலும் பிளவு. பல தோட்டாக்கள் குதிரை லாயங்களில் வைக்கப்பட்டிருந்தன. 1921இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூன்று பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் காரணத்தை விளக்கினார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா, மழைக்காலக் காற்றின் ஈரத்தில் கரைந்து பித்தளையில் உள்ள செம்பை அரிக்கிறது. உறையை வடிவாக்கும்போது உலோகத்துக்குள் தங்கிவிட்ட இழுவிசை அந்த அரிப்பைப் பிளவாகத் திறந்துவிடுகிறது. உறையை மிதமாகச் சூடாக்கி அந்த விசையைத் தணித்துவிட்டால் விரிசல் விழுவதில்லை. இழுவிசையும் அரிப்பும் சேர்ந்து உலோகத்தை உடைக்கும் இந்த வகைச் சிதைவுக்கு, விமானப் பாகம் முதல் கொதிகலன் வரை, இன்றைய பொறியாளர்களும் அஞ்சுகிறார்கள். அதற்குப் பாடநூல்கள் காட்டும் பழைய உதாரணம் இந்திய லாயத்துத் தோட்டாதான்.

இனி பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவருவோம். 20 டிகிரி வெப்பத்தில், ஈரம் முழுக்க ஏறிய ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 17 கிராம் நீராவி இருக்கும். 7 லிட்டர் பெட்டிக்குள் அடைபடும் காற்றில் இருப்பது 0.12 கிராம், அதாவது இரண்டு மூன்று சொட்டு. அதே பெட்டியில் நல்ல ரக ஏலக்காய், லிட்டருக்கு 400 கிராம் எடை என்று வைத்துக்கொண்டால், இரண்டரை கிலோவுக்கு மேல் பிடிக்கும். பத்து சதவீத ஈரத்துக்கு உலர்த்தியிருந்தாலும் அந்தக் காய்க்குள் கால் லிட்டர் தண்ணீர் இருக்கிறது. காற்றில் உள்ளதைப் போல இரண்டாயிரம் மடங்கு. ஆகவே மழைநாளில் மூடுகிறோமே, ஈரக்காற்று உள்ளே போய்விடுமே என்று பயப்பட வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது அரைகுறையாகக் காய்ந்த சரக்குக்கு. பெட்டி எதையும் உலர்த்தாது. காய்ந்ததைக் காய்ந்தபடி காக்கும், ஈரத்தோடு வைத்தால் ஈரத்தையும் அதே விசுவாசத்தோடு காத்துப் பூசணம் வளர்க்கும். முதலில் உலர்த்த வேண்டும், பிறகுதான் மூட வேண்டும். வெளிச்சம் புகாத இரும்பு என்பதால் ஏலக்காயின் பச்சைக்கும் அது நல்லது. திறந்து மூடும் வீட்டில் 20, 30 கிராம் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போதும். அது கிடைக்காவிட்டால் வாணலியில் நன்றாக வறுத்த அரிசியை ஆறவிடாமல் குப்பியில் அடைத்துவைத்து, ஆறியதும் ஒரு துணி முடிச்சில் கட்டிப் போடலாம்.

மலையூர்க்காரர்களுக்கு மட்டுமான ஒரு செய்தியும் உண்டு. சென்னையில் மூடிய பெட்டியை வண்டிப்பெரியாருக்குக் கொண்டுவந்தால் வெளிக்காற்றின் அழுத்தம் ஏறக்குறைய ஒன்பது சதவீதம் குறைந்திருக்கும். உள்ளே இருப்பதோ சென்னைக் காற்று. மூடியின் பரப்பைக் கணக்கிட்டால், 30 கிலோவுக்கு மேற்பட்ட விசை அதை உள்ளிருந்து தள்ளிக்கொண்டிருக்கும். கொண்டியைத் தளர்த்தும்போது முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள். இங்கே மூடி அங்கே திறந்தால் நிலைமை தலைகீழ்: மூடி ஒட்டிக்கொண்டு வர மறுக்கும்.

இந்தப் பெட்டிக்கு உலகம் கண்டுபிடித்த உபயோகங்கள் பல. அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் ஆற்றில் பல நாள் படகில் போகிறவர்கள் மனிதக் கழிவைக்கூட விட்டுவராமல் சுமந்து வர வேண்டும் என்பது விதி. பெரிய தோட்டாப் பெட்டிகள்தான் அவர்களுக்கு நீண்டகாலம் கழிப்பறை. சிலர் பக்கத்தில் துளையிட்டு ஒலிபெருக்கி பொருத்திப் பாட்டுப்பெட்டி ஆக்குகிறார்கள். தச்சர்களுக்கு அது கருவிப் பெட்டி. ஆனால் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது காகிதம். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் பெரியாற்றங்கரை வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. கேரளத்தில் ஏராளமானோர் ரேஷன் அட்டை, பட்டா, பள்ளிச் சான்றிதழ் எல்லாம் இழந்தார்கள். அவற்றை மறுபடி வழங்க அரசு தனி முகாம்கள் நடத்த வேண்டியிருந்தது. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் ஒரே அறையில் வாழும் குடும்பத்துக்கு அந்தக் காகிதங்கள்தான் சொத்து. மூடிய எம்2ஏ1 பெட்டி எட்டு லிட்டருக்கு மேல் நீரை விலக்கும், எனவே உள்ளே ஐந்து கிலோ காகிதம் வைத்தாலும் மிதக்கும். கைப்பிடியில் ஒரு கயிறு கட்டி உத்தரத்தோடு பிணைத்துவிட்டால் அடித்துக்கொண்டும் போகாது.

செய்யக் கூடாதவையும் உண்டு. பழைய ராணுவப் பெயின்டில் ஈயமும் குரோமியமும் இருக்கலாம். உணவுப் பொருளை நேரடியாகக் கொட்டாமல் உறையில் கட்டி வையுங்கள், பெட்டியை அடுப்பாக்காதீர்கள். லித்தியம் பேட்டரிகளை இதில் போட்டுக் கொண்டியை இறுக்குவது ஆபத்து. பேட்டரி தீப்பிடித்தால் பீறிடும் வாயு வெளியேற வழியின்றிப் பெட்டியையே வெடிக்கச் செய்யும். பேட்டரிதான் வைப்பதென்றால் ரப்பரை உருவிவிடுங்கள். பழைய சாமானில் உயிருள்ள தோட்டா ஒன்று கண்ணில் பட்டால் தொடாமல் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். உரிமம் இல்லாமல் அதை வைத்திருப்பது 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி குற்றம்.

வாங்கியதும் செய்ய வேண்டிய சோதனை எளிது. உள்ளே காய்ந்த செய்தித்தாளை விரித்து மூடி, மேலே கல் ஏற்றித் தொட்டித் தண்ணீரில் ஒரு மணி நேரம் முக்கி வையுங்கள். தாள் நனையாவிட்டால் ரப்பர் நன்றாக இருக்கிறது. அதன்பின் வெண்டை, அவரை, கத்தரி, மிளகாய் விதைகளைத் தாராளமாக வைக்கலாம். விதையின் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது விதை அறிவியலாளர் ஹாரிங்டன் வகுத்த கணக்கு. அது எல்லா விதைக்கும் பொருந்தாது. தேயிலை விதை காய்ந்தால் செத்துவிடும். ஏல விதையும் நாள் ஆக ஆக முளைப்புத்திறனை இழந்துவிடும், பறித்த சூட்டோடு விதைப்பதே நல்லது. அவை இரண்டுக்கும் இந்தப் பெட்டி வேண்டாம்.