இறுக்க இறுக்க ஒழுகும்

பானெட்டுக்கு அடியில் – 14

போன வாரம் ஃபீலர் கேஜ் வைத்து டேப்பட் இடைவெளி பார்த்தோம். அதற்காகக் கழற்றி ஓரமாக வைத்தோமே ஒரு தகர மூடி, இந்த வாரம் அதன் கதை.

1996-ல் என்னிடம் ஒரு பழைய அம்பாசடர் இருந்தது. 1978-ம் வருடத்து மார்க் 3. ஓடும்போது எந்தத் தொந்தரவும் தராது. அண்ணா சாலையில் ஏதாவது ஒரு சிக்னலில் இரண்டு நிமிஷம் நின்றால் போதும், அடுப்பில் வைத்து மறந்த எண்ணெய்ச் சட்டி மாதிரி ஒரு கருகல் வாடை வரும். கூடவே பானெட் இடுக்கிலிருந்து மெல்லிசாகப் புகை. பக்கத்தில் நிற்கும் ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து, "சார், வண்டி புகையுது" என்பார். பச்சை விழுந்து வண்டி நகர்ந்தால் காற்று எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடும்.

பானெட்டைத் திறந்தால் காரணம் கண்ணெதிரே இருந்தது. இன்ஜின் தலையில் உட்கார்ந்திருக்கும் அந்த மூடியை வால்வு கவர், ராக்கர் கவர் என்றெல்லாம் புத்தகங்கள் சொல்லும். நம் ஊர்ப் பட்டறைகளில் அதற்கு டேப்பட் கவர் என்றே பெயர். அதன் இடது விளிம்பு முழுக்க ஈரம். அங்கிருந்து வழிந்த ஆயில் நேரே கீழே இருக்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் சொட்டிக்கொண்டிருந்தது. இன்ஜின் ஆயில் புகைய 200 டிகிரி செல்சியஸ் சூடு போதும். ஓடிவந்த வண்டியின் மேனிஃபோல்டு அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். வலது பக்கம் ஒழுகினால் ஸ்பார்க் பிளக்குகள் குளிக்கும். இடது பக்கம் ஒழுகினால் இப்படிப் புகையும்.

ஒழுகினால் இறுக்க வேண்டும். குழாய் முதல் பிரஷர் குக்கர் வரை வீட்டில் கற்றுக்கொண்ட பாடம் அதுதானே? அந்தக் கவரை அழுத்திப் பிடிப்பது மேலே இருக்கும் இரண்டே நட்டுகள். நீளமான ஸ்பேனர் போட்டு ஆளுக்கு அரைச் சுற்று இறுக்கினேன். இரண்டு நாள் குறைந்தது போலிருந்தது. மறுபடியும் ஈரம், மறுபடியும் அரைச் சுற்று. மூன்றாவது தடவை இறுக்கிய அன்று சாயங்காலம் கசிவு ஒழுக்கானது.

ராயப்பேட்டையில் ஒரு சந்துக்குள் இருந்த பட்டறைக்குக் கொண்டுபோனேன். மேஸ்திரி பானெட்டைத் தூக்கினார். ஆயிலைப் பார்க்கவில்லை, அந்த இரண்டு நட்டுகளைத்தான் பார்த்தார்.

"எத்தனை தடவை இறுக்குன தம்பி?"

"மூணு தடவைண்ணே."

"நல்லவேளை. நாலாவது தடவைக்கு முன்னாடி வந்துட்ட."

கவரைக் கழற்றியதும் அவர் செய்த காரியம் எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. பெஞ்சில் ஒரு பழைய ஜன்னல் கண்ணாடியைப் போட்டு, அதன்மேல் கவரைக் கவிழ்த்து வைத்தார். கண்ணாடிக்கு அடியிலிருந்து டார்ச் அடித்தார். பட்டறை விளக்கை அணைக்கச் சொன்னார். கவரின் விளிம்புக்கும் கண்ணாடிக்கும் நடுவே வெளிச்சம் கோடாகக் கசிந்தது. ஓரிடத்தில் நகக்கண் அளவு, இன்னோரிடத்தில் மயிரிழை அளவு. "இந்த வெளிச்சம் வர்ற வழியாத்தான் உன் ஆயிலும் வருது" என்றார்.

நான் செய்த வேலை அப்போதுதான் புரிந்தது. நட்டு இருப்பது கவரின் நடுமுதுகில். பேக்கிங் இருப்பது ஓரத்தில். நடுமுதுகில் அழுத்த அழுத்த மெல்லிய தகடு குழிகிறது. ஓரம் அலை அலையாக நெளிகிறது. நெளிந்த ஓரம் சில இடங்களில் பேக்கிங்கைப் பிய்த்துக்கொண்டு இறங்கும், சில இடங்களில் தொடாமலே நிற்கும். என்னுடைய கார்க் பேக்கிங் இரண்டு இடத்தில் பிளந்து வெளியே பிதுங்கியிருந்தது. விளிம்பைச் சுற்றிலும் போல்ட் வைத்த கவர்களிலும் இதே கதைதான். இறுக்கினால் போல்ட் ஓட்டையைச் சுற்றி மட்டும் தகடு கிண்ணம் போலக் குழியும். இரண்டு போல்ட்டுக்கு நடுவில் வாய் பிளக்கும்.

இந்த மூடிக்கு உள்ளே என்னதான் இருக்கிறது? ஆயில் பம்ப் இன்ஜினுக்குள் சதுர அங்குலத்துக்கு 40, 50 பவுண்டு அழுத்தத்தில் ஆயிலைத் தள்ளுகிறது, உண்மை. ஆனால் அந்த அழுத்தமெல்லாம் பேரிங்குகளிலும் ஆயில் வழிகளிலுமே முடிந்துவிடுகிறது. ராக்கர் ஷாஃப்ட் வழியாக மேலே வந்து தெறிக்கும் ஆயில் வெறும் சாரல். வேலை முடிந்ததும் அது புஷ் ராடு துவாரங்கள் வழியாகத் தானே கீழே சம்புக்கு இறங்கிவிடும். டேப்பட் கவர் தடுக்க வேண்டியது சாரலை மட்டும்.

எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதும் இதிலிருந்தே வருகிறது. அம்பாசடரில் இருந்தது பிரிட்டனின் பி.எம்.சி. கம்பெனி வடிவமைத்த 1,489 சி.சி. பி-சீரிஸ் இன்ஜின். அந்தக் குடும்பத்து இன்ஜின்களில் சிலிண்டர் ஹெட் நட்டுகளுக்கு 45 முதல் 50 பவுண்டு அடி முறுக்கு வேண்டும். அங்கே வெடிக்கும் வாயுவைத் தடுக்க வேண்டியிருக்கிறது. டேப்பட் கவர் நட்டுக்கு? வெறும் 4 பவுண்டு அடி. 15 சென்டிமீட்டர் ஸ்பேனரின் நுனியில் மூன்றரைக் கிலோவைத் தொங்கவிட்டால் வரும் இறுக்கம் அவ்வளவுதான். நான் முழு உடம்பையும் கொடுத்து இழுத்திருந்தேன்.

மேஸ்திரி கவரை ஒரு மரக்கட்டையின் விளிம்பில் வைத்து, சின்னச் சுத்தியால் தட்டித் தட்டி ஓரத்தை நேராக்கினார். ஐந்து தட்டுக்கு ஒருமுறை கண்ணாடி, டார்ச். வெளிச்சம் மறையும்வரை முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் என்னை ஜி.பி. ரோட்டுக்கு அனுப்பிப் புது கார்க் பேக்கிங் வாங்கிவரச் சொன்னார். நான் வாங்கி வந்தது கடையில் வருஷக்கணக்கில் தொங்கியது போலும். காய்ந்து சுருங்கி, கவரின் நீளத்துக்கு அரை விரற்கடை குறைந்தது. கடைக்குத் திரும்பப் போகக் கிளம்பியவனைக் கையமர்த்திவிட்டு, ஒரு பழைய டிரேயில் தண்ணீர் ஊற்றி அதில் போட்டார். கொஞ்ச நேரத்தில் கார்க் ஊறி, நீண்டு, கவருக்குச் சரியாக வந்தது.

கார்க் என்பது போர்ச்சுகல் பக்கத்தில் வளரும் ஒருவகை ஓக் மரத்தின் பட்டை. மரத்தை வெட்டுவதில்லை, ஒன்பது வருஷத்துக்கு ஒருமுறை பட்டையை மட்டும் உரிப்பார்கள். 1665-ல் ராபர்ட் ஹூக் இந்தப் பட்டையின் சீவலைத்தான் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்து, அதிலிருந்த குட்டிக் குட்டி அறைகளுக்கு 'செல்' என்று பெயர் வைத்தார். அந்த அறைகளில் காற்று அடைபட்டிருப்பதால், அழுத்தினால் கார்க் பக்கவாட்டில் பிதுங்காமல் தனக்குள்ளேயே ஒடுங்கும். மேடுபள்ளமான தகட்டுக்கு அது தோதானது அதனால்தான். ஆனால் அளவுக்கு மீறி நசுக்கினால் அறைகள் உடைந்துவிடும்; பிறகு அது வெறும் சக்கை.

ஈரம் உலர்ந்ததும் பேக்கிங்கின் ஒரு பக்கம் மட்டும் ஷெல்லாக் தடவிக் கவரோடு ஒட்டினார். ஷெல்லாக் வேறெதுவும் இல்லை, நம் அரக்குதான். ஹெட் பக்கம் எதுவும் தடவவில்லை. "அடுத்த தடவை டேப்பட் பார்க்கணும்னா கவரோட சேர்ந்து பேக்கிங்கும் முழுசா வரணும். ரெண்டு பக்கமும் ஒட்டினா பிய்ச்சுத்தான் எடுக்கணும்" என்றார். ஹெட்டின் மேல்முகத்தைச் சுரண்டும்போது ராக்கர் பக்கம் துணி போட்டு மூடினார். அதுவும் முழுத் துணி. பட்டறையில் மூட்டையாகக் கிடந்த திருப்பூர் பனியன் வேஸ்ட்டைத் தொடவில்லை. அதன் நூல் ஒன்று உள்ளே போனால் ஆயில் வழியை அடைத்துவிடும்.

நட்டுக்கு அடியில் கிண்ண வாஷர், அதற்கும் அடியில் ரப்பர் புஷ். ரப்பர் புஷ் இறுகிக் கல்லாகியிருந்தது; அதையும் மாற்றினார். மூடியின் முதுகில் நட்டைச் சுற்றி ஆயில் தேங்கினால் குற்றவாளி பேக்கிங் இல்லை, இந்தப் புஷ். கடைசியில் குட்டை ஸ்பேனரை இரண்டு விரலால் பிடித்து, இந்த நட்டு கொஞ்சம், அந்த நட்டு கொஞ்சம் என்று மாற்றி மாற்றித் திருப்பி நிறுத்திவிட்டார். "அவ்ளோதானாண்ணே?" என்றேன். "அவ்ளோதான். மூடி உட்கார்ந்தா போதும். நீ அதைப் படுக்க வச்சுட்ட."

வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். அவர் கவரிலிருந்து ஏர் கிளீனருக்குப் போகும் ரப்பர் ஹோஸைப் பிடுங்கி ஊதிப் பார்த்தார். காற்றுப் போகவில்லை. உள்ளே கறுப்புக் களி.

பலரும் கோட்டைவிடும் இடம் இதுதான். பிஸ்டன் ரிங்குகள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் எரியும் வாயுவில் கொஞ்சம் அவற்றைத் தாண்டிக் கீழே சம்புக்குள் இறங்கும். பட்டறை பாஷையில் பேக் கம்ப்ரஷன். அது வெளியேற இன்ஜினுக்கு ஒரு மூக்கு வேண்டும். அந்த ஹோஸ்தான் மூக்கு. மூக்கு அடைத்தால் வாயு உள்ளே தேங்கி அழுத்தம் ஏறும். சாரலை மட்டும் தடுக்கப் பிறந்த பேக்கிங் அந்த அழுத்தத்தைத் தாங்காது. மாதத்துக்கு ஒரு பேக்கிங் மாற்றினாலும் ஒழுகிக்கொண்டேதான் இருக்கும். ஹோஸைப் பெட்ரோலில் கழுவி ஊதிக் காட்டியபோது காற்று தாராளமாகப் போனது.

இன்றைக்கு உங்கள் வாசலில் நிற்கும் வண்டியில் கார்க் இருக்காது. அச்சில் வார்த்த ரப்பர் பேக்கிங் இருக்கும். பல வருஷ வெப்பத்தில் அது இறுகி, மீளும் குணம் போய், கழற்றினால் அப்பளம் போல ஒடியும். அதையும் இறுக்கித் திருத்த முடியாது; மாற்றத்தான் வேண்டும். மாற்றுவதற்கு முன் கசிவு அங்கிருந்துதான் வருகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இன்ஜினை நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, ஆறிய நிலையில் விளிம்பைச் சுற்றி முகப் பவுடரைத் தூவுங்கள். கால் மணி நேரம் வண்டியை ஓட விட்டுப் பாருங்கள். ஆயில் புறப்படும் இடத்தில் வெள்ளைப் பவுடரில் கறுப்புக் கோடு இறங்கியிருக்கும். மாருதி 800-ல் கேம் ஷாஃப்ட் முனையில் இருக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் ஓ-ரிங் கசிந்து, பழி டேப்பட் கவர்மேல் விழுந்த கதைகள் ஏராளம்.

இரட்டைக் கேம் இன்ஜின்களில் இன்னும் இரண்டு இடம் பார்க்க வேண்டும். ஒன்று, ஸ்பார்க் பிளக் இறங்கும் குழிகள். அங்கே வளையம் வளையமாகத் தனி சீல் உண்டு. பிளக்கைக் கழற்றும்போது குழியில் ஆயில் நின்றால் அந்த சீல் போய்விட்டது என்று பொருள். இரண்டு, டைமிங் கவர் ஹெட்டோடு சேரும் மூலைகளும் ஹெட்டின் முனையில் இருக்கும் அரைவட்டங்களும். அந்த இடங்களில் மட்டும் ஒரு பொட்டு சிலிக்கான் பேஸ்ட் வைக்கச் சொல்வார்கள். ஒரு பொட்டுதான். பயந்துபோய் விளிம்பு முழுக்கப் பிதுக்கினால், உள்பக்கம் வழிந்து காய்ந்த சிலிக்கான் துணுக்குகள் பிய்ந்து சம்பில் விழும். ஆயில் உறிஞ்சும் வலையை அடைத்தால் இன்ஜினே போய்விடும். டேப்பட் கவரில் ஆயில் சொட்டுவது எவ்வளவோ மேல்.

போல்ட்டுகளை நடுவிலிருந்து தொடங்கி வெளிப்பக்கமாக, எதிரெதிராக, இரண்டு சுற்றில் இறுக்குங்கள். இந்தச் சின்ன போல்ட்டுகளுக்குப் பெரும்பாலான வண்டிகளில் 10 நியூட்டன் மீட்டர் சுற்றுவட்டாரத்தில்தான் முறுக்குச் சொல்லியிருப்பார்கள். உங்கள் வண்டியின் சரியான அளவை சர்வீஸ் புத்தகத்தில் பாருங்கள். முதல்முறை டார்க் ரெஞ்ச் பிடிப்பவர்களுக்கு அது 'டிக்' என்று சொல்வதற்குள் ஒரு சந்தேகம் வரும், இவ்வளவு லேசாகவா, ரெஞ்ச் கெட்டுப்போய்விட்டதோ என்று. கெடவில்லை. கையை எடுத்துவிடுங்கள்.

என் அம்பாசடருக்கு வருவோம். கிளம்பும்போது மேஸ்திரி ஒரு அட்டைப் பெட்டியைக் கிழித்து விரித்துக் கொடுத்தார். ராத்திரி இன்ஜினுக்கு அடியில் போட்டுவைத்து, மூன்று நாள் கழித்துக் கொண்டுவந்து காட்டச் சொன்னார். சிக்னலில் வாடை நின்றுபோயிருந்தது. முதல் நாள் அட்டை சுத்தம், இரண்டாம் நாளும் சுத்தம். மூன்றாம் நாள் காலை ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு பொட்டு.

அட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் வண்டிக்கு அடியில் படுத்து, மேனிஃபோல்டுக்குக் கீழே கையை விட்டுத் துழாவினார். இன்ஜினின் விலாவில் இரண்டு தகட்டு மூடிகள் உண்டு. கார்க் பேக்கிங்தான், ஒவ்வொன்றையும் பிடிப்பது நடுவில் ஒரே ஒரு போல்ட்.

"இதை யார் இறுக்குனது?" என்று அடியிலிருந்து குரல் வந்தது.

சத்தியமாக நான் இல்லை. எனக்கு முன்னால் அந்த வண்டியை வைத்திருந்தவருக்கும் வீட்டில் குழாய் ஒழுகியிருக்க வேண்டும்.

(அடுத்த வாரம்: பேக் கம்ப்ரஷனும் நீலப் புகையும்)