வீட்டுப் பட்டறைக்கு டிரில்லிங் மெஷின்: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

ஐப்பசியில் நல்ல மழை விழுந்துவிட்டால் விருதுநகர் மாவட்டத்துக் கரிசல் காட்டில் யாரும் காத்திருக்க முடியாது. ஈரம் காயும் முன் உழுது விதைத்தாக வேண்டும். அந்த நேரம் பார்த்துக் கலப்பையின் போல்ட் அறுந்து போனால், சிவகாசிக்கோ ராஜபாளையத்துக்கோ பட்டறை தேடிப் போவதிலேயே ஒரு நாள் ஓடிவிடும். அதனால்தான் வீட்டிலேயே வெல்டிங் மெஷின் வைத்திருப்பவர்கள் அடுத்து டிரில்லிங் மெஷினை நினைக்கிறார்கள்.

தகரத்துக்கும் மெல்லிய ஆங்கிளுக்கும் கை டிரில் போதும். கனமான இரும்புப் பட்டையில் அது சாய்ந்துவிடும். துளை சாய்ந்தால் போல்ட் தலை சமமாக உட்காராது. நாலு சால் ஓட்டுவதற்குள் தளர்ந்துவிடும். மேஜை மேல் வைக்கும் பெஞ்ச் டிரில் நேராகத் துளைக்கும்.

எந்த அளவு?

12 மி.மீ. போல்ட்டுக்கு 13 மி.மீ. துளை வேண்டும். எனவே 13 மி.மீ. சக், அரை குதிரைத்திறன் மோட்டார் உள்ள மெஷினே பெரும்பாலான பண்ணை வேலைக்குப் போதும்.

கரண்ட் கவனம்

பம்ப்செட்டில் மும்முனை மின்சாரம் இருக்கிறதே என்று மும்முனை மோட்டார் வாங்கிவிடக் கூடாது. விவசாய இலவச இணைப்பைப் பட்டறைக்குப் பயன்படுத்துவது மின்சாரச் சட்டம் 2003-இன்படி முறைகேடு, அபராதம் வரும். வீட்டு இணைப்பில் ஓடும் ஒருமுனை மோட்டாரையே கேட்டு வாங்க வேண்டும். எர்த் கட்டாயம்.

வேகம் குறைய வேண்டும்

மோட்டாரின் வேகத்தைவிடக் குறைந்தபட்ச வேகம்தான் முக்கியம். சாதாரண இரும்புக்கு 8,000-ஐ பிட்டின் மி.மீ. அளவால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது கிடைக்கும். 10 மி.மீ. பிட்டுக்கு 800; 13 மி.மீ. பிட்டுக்கு சுமார் 600. அதைவிட அதிக வேகத்தில் ஓட்டினால் பிட் முனை நீலம் பாய்ந்து மழுங்கிவிடும். பெல்ட்டை மாற்றி 500 சுற்று வரை இறக்க முடிகிற மெஷின் நல்லது.

கடையிலேயே மூன்று சோதனை

1. புது பிட்டை மாட்டிக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். முனை வட்டமடித்தால் வேண்டாம்.
2. ஸ்பிண்டிலை முழுவதும் கீழே இறக்கிப் பக்கவாட்டில் அசைக்க வேண்டும். ஆடினால் வேண்டாம்.
3. மேஜைத் தட்டை அழுத்த வேண்டும். வார்ப்பிரும்புத் தட்டு வளையாது. தகரத் தட்டு வளையும்.

பழைய மெஷின் வாங்குவோருக்கும் இதே சோதனைதான். பெயின்டைப் பார்த்து ஏமாறக் கூடாது.

இதற்கு ஆகாது

கலப்பையின் ஸ்பிரிங், பதம் ஏற்றிய கொழு போன்றவற்றைச் சாதாரண பிட் துளைக்காது. அவற்றைப் பட்டறைக்கே கொண்டுபோவது மேல்.

உயிருக்குப் பாதுகாப்பு

துளைக்கும் இரும்பைக் கையால் பிடிக்கவே கூடாது. பிட் சிக்கினால் இரும்பு சுழன்று விரலை வெட்டிவிடும். வைஸில் இறுக்க வேண்டும். கையுறை, தோள் துண்டு, சேலை முந்தானை, அவிழ்ந்த கூந்தல் எதுவும் அருகில் வரக் கூடாது. கண்ணாடி அணிய வேண்டும். சுருள் சீவலைப் பிரஷ்ஷால் தள்ள வேண்டும்.

இந்த வட்டாரத்துக்கு இன்னொன்றும் உண்டு. பிட்டைச் சாணை பிடிக்கும்போது தீப்பொறி தெறிக்கும். தீப்பெட்டி வேலைக்கான குச்சி, மருந்து, பட்டாசு இருக்கும் இடத்தின் பக்கத்தில் பட்டறை போடவே கூடாது.

மெஷினோடு நல்ல வைஸும் சென்டர் பஞ்ச்சும் வாங்கி, மழைக்கு முன்பே பழைய பட்டைகளில் துளைத்துப் பழகிவிட்டால், விதைப்பு நாளில் பதற்றம் இருக்காது.