மூன்று விநாடி ‘ஹேங்’: திரைக்குப் பின்னால் ஒரு ரவுண்டு!

மும்முரமாக டைப் அடித்துக்கொண்டிருக்கிறீர்கள். திடீரென்று எழுத்து விழவில்லை, மவுஸ் நகரவில்லை. ஒன்று... இரண்டு... மூன்று... அடித்த எழுத்தெல்லாம் கடகடவென்று திரையில் கொட்ட, ஒன்றுமே நடக்காததுபோல் சிஸ்டம் மறுபடி ஓடுகிறது! ‘அடிக்கடி ஹேங் ஆகுதுங்க’ என்று கடைக்குத் தூக்கிப் போனால், ‘ஃபார்மட் போட்டுடலாம்’ என்ற பதில் தயாராக இருக்கும். கொஞ்சம் பொறுங்கள். அந்த மூன்று விநாடிக்குள் பெட்டிக்குள்ளே நடக்கிற கூத்து இருக்கிறதே, அதைப் பார்க்காமல் அழிக்கவே மனசு வராது. வாங்க, உள்ளே போகலாம்!

நுழையும்போதே ஒரு சேதி. இப்படி விட்டு விட்டு நிற்கும் கம்ப்யூட்டர் பெரும்பாலும் யாருக்காகவோ காத்துக்கொண்டிருக்கிறது. அந்த ‘யார்’ கிடைத்துவிட்டால் பாதி ரிப்பேர் முடிந்தது.

ஜன்னலுக்கு டூப்!

மவுஸ் ஜோராக நகர்கிறது, ஒரு புரோகிராம் மட்டும் அசையவில்லை. விண்டோஸ் 5 விநாடி வரை பொறுத்துப் பார்க்கும். அப்போதும் பதில் இல்லையென்றால் அந்த ஜன்னலை மறைத்துவிட்டு, அதே அளவில், அதே இடத்தில், அச்சு அசலாக இன்னொன்றை வைத்துவிடும். சண்டைக் காட்சியில் ஹீரோவுக்குப் பதில் டூப் வருவதுபோலத்தான்! தலைப்பில் ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்று வந்தபின் நீங்கள் பிடித்து இழுப்பது அசலையே அல்ல. இங்கே கோளாறு பெரும்பாலும் அந்த ஒரு புரோகிராமில்தான். மொத்த சிஸ்டத்தையும் சந்தேகப்பட வேண்டாம்.

மவுஸும் நின்றுவிட்டதா? கேப்ஸ் லாக்கை அழுத்துங்கள். விளக்கு எரிந்து அணைந்தால் உள்ளே உயிர் ஓடுகிறது! திரை ஒருகணம் கறுத்துத் திரும்பி வந்தால் கிராஃபிக்ஸ் பக்கம் பாருங்கள். கிராஃபிக்ஸ் கார்டு பதில் சொல்ல விண்டோஸ் வழக்கமாகத் தரும் கெடு 2 விநாடி. தாண்டினால் அதன் டிரைவரை அங்கேயே மறுபடி கிளப்பிவிடும்.

தூங்கும் டிஸ்க், தேடும் முள்

இப்போது கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர்! டேவ் பிளம்மர் வீட்டில் தனக்காக எழுதத் தொடங்கி, 1996-இல் விண்டோஸ் என்டி 4.0-உடன் உலகத்துக்கு வந்த கருவி. சில நேரம் அதில் டிஸ்க் 100 சதவீதம் என்று காட்டும். ஆனால் படிக்கும் வேகம் கிட்டத்தட்ட பூஜ்யம். இந்த ஜோடியைப் பார்த்தால் விடாதீர்கள்!

நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றும் பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி. ஓரிடம் கெட்டுப்போனால் அது லேசில் கைவிடாது. அடுத்த சுற்றில் படிக்கலாமா, அதற்கடுத்த சுற்றில் கிடைக்குமா என்று திரும்பத் திரும்ப முயலும். 300 சுற்று போனால் இரண்டரை விநாடி! நீங்கள் விழித்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் உங்கள் ஃபைலுக்காக அது போராடிய நேரம்.

ஃபைலை சேவ் செய்யப் போகும்போது மட்டும் நிற்கிறதா? இரண்டாவது ஹார்ட் டிஸ்க் தூங்கியிருக்கலாம். 20 நிமிடம் வேலையில்லாவிட்டால் மோட்டாரை நிறுத்துவது விண்டோஸின் வழக்கமான ஏற்பாடு. மறுபடி முழு வேகம் பிடிக்கச் சில விநாடி ஆகும். பவர் செட்டிங்கில் அந்த நேரத்தை மாற்றினால் தீர்ந்தது.

எல்லாம் எழுதிவைக்கும் பதிவேடு

பலருக்குத் தெரியாத பொக்கிஷ அறை இது: ஈவன்ட் வியூவர். சிஸ்டம் ஹேங் ஆன நேரத்தைக் குறித்துக்கொண்டு, அதே நிமிடத்தின் பதிவைத் திறங்கள். டிஸ்க் பெயரில் ஈவன்ட் எண் 7 என்றால் கெட்ட இடம். 153 என்றால் படிக்கவோ எழுதவோ மறுபடி முயன்றிருக்கிறது. 129 என்றால் டிஸ்க்கிடமிருந்து பதிலே வராமல் ரீசெட் அனுப்பியிருக்கிறது. கேபிளையும் எஸ்எஸ்டியின் ஃபெர்ம்வேரையும் கவனியுங்கள். கிராஃபிக்ஸ் டிரைவர் விழுந்து எழுந்ததென்றால் 4101. டிஸ்க் பெயரில் 7 கண்ணில் பட்டதோ, மற்றதெல்லாம் அப்புறம். முதலில் குடும்பப் போட்டோக்களை வேறு டிஸ்க்குக்கு நகல் எடுங்கள்!

உலகத்தையே சுற்றவிட்ட சிப்

இதுதான் உச்சம்! 2021-இல் வந்த விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும் என்றது. ரைசன் பிராசசர்களில் அது எஃப்டிபிஎம் என்ற பெயரில் உள்ளேயே இருக்கிறது. அதை இயக்கிய சிலரது கம்ப்யூட்டர், எப்போதாவது திடுமென நின்று நின்று ஓடியது. 2022 மார்ச்சில் ஏஎம்டி காரணத்தைச் சொன்னது: எஃப்டிபிஎம், மதர்போர்டில் பயாஸ் குடியிருக்கும் ஃபிளாஷ் சிப்போடு நீண்ட கொடுக்கல் வாங்கல் நடத்தியது, அது முடியும்வரை சிஸ்டம் தடுமாறியது. அத்தனை கோடி டிரான்சிஸ்டர்களும் ஒரு குட்டி சிப்புக்காகக் காத்திருந்திருக்கின்றன! தீர்வு, புதிய பயாஸ்.

அதனால், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். நாலைச் சேர்த்து மாற்றினால் எது சரிசெய்தது என்றே தெரியாது. ஃபார்மட்டைக் கடைசியில் வையுங்கள். தேயும் டிஸ்க், தளர்ந்த கேபிள், பழைய பயாஸ் மூன்றும் ஃபார்மட் போட்ட மறுநாளும் அப்படியேதான் இருக்கும். அழிந்துபோவது உங்கள் ஃபைலும், காரணத்தைச் சொல்லக் காத்திருந்த பதிவேடும்தான். அடுத்த ஹேங் வரட்டும், கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறியுங்கள், பதிவேட்டைத் திறங்கள்!