விசையின் எடையும் விரலின் பழக்கமும்

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில், சேலையின் உடலையும் கரைகளையும் மூன்று நாடாக்களால் கோத்து நெய்யும் கோர்வைத் தறியருகே சிறிது நேரம் நின்று பார்த்தவர்களுக்கு, கருவியை மாற்றுவதா, கையைப் பழக்குவதா என்ற கேள்வி புதிதன்று; அதே சந்தேகம்தான், கைத்துப்பாக்கியின் விசையை மாற்றலாமா என்ற ரூபத்தில், துப்பாக்கி சுடும் போட்டியாளரையும் வாட்டுகிறது.

10 மீட்டர் ஏர் பிஸ்டலில் விசையின் எடை, அதாவது அதை இழுக்கத் தேவையான அழுத்தம், 500 கிராமுக்குக் குறையலாகாது என்பது சர்வதேச விதி. 25 மீட்டர் பிஸ்டலுக்கோ 1,000 கிராம். ஆகவே விலையுயர்ந்த விசை போட்டியில் எடையைக் குறைத்துத் தரும் என்று எண்ணுவது வீண். முதற்கட்டத் தளர்வு முடிந்து விரல் தடையை உணர்ந்தபின், உராய்வோ அதிர்வோ இன்றி விசை விடுபடும் நேர்த்தியே அது தருவது. மின்னணு விசை இதில் தேர்ந்தது; ஆனால் அதற்கும் விபத்துண்டு. 2021 ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக்கில், 75 நிமிஷத்தில் 60 முறை சுடவேண்டிய 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவே இந்திய வீராங்கனை மனு பாக்கரின் பிஸ்டல் பழுதாகி, மின்சுற்றைச் சீர்செய்வதில் பல நிமிஷங்கள் வீணாக, 575 புள்ளிகளுடன் அவர் 12-ஆம் இடத்தில் நின்றார்.

என் அபிப்பிராயத்தில், உள்ள விசையைத் திருகாணிகளால் திருத்திக்கொண்டு, குண்டின்றிச் சுடும் அப்பியாசத்தைச் சில மாதங்கள் சிரத்தையோடு செய்து பார்க்கலாம். குறிமுனை துள்ளுவது விசை விடுபடுமுன் என்றால் குற்றம் கையினது. விடுபடும் கணத்தில் மட்டும், அதுவும் பயிற்சியாளர் கையிலும் அவ்வாறே துள்ளுமாயின், செலவு நியாயமே. ஆனால் புதிய விசையைப் போட்டிக்கு முந்தின வாரத்தில் மாட்டாமல், பருவம் முடிந்தபின் மாட்டுவது உசிதம்.